ரூட் படித்த கடிதங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிள்ளானில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்கு வேலை கிடைத்தது. சரக்குப் பட்டியல் தயாரித்துச் சுங்கத்துக்கு அனுப்பும் அலுவலகம் அது. பந்திங்கிலிருந்து காலை பஸ் பிடித்து வருவேன். அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். அவர் மகள் குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்து சம்பளம் வாங்குவது எங்கள் வீட்டில் பெரிய செய்தி.

என் அறையில் மேசை உயரத்துக்கு ஒரு பெட்டி இருந்தது. அதுதான் சர்வர். வெளியே ஒன்பது மேசைகளில் ஒன்பது டெர்மினல்கள். அவை வெறும் திரையும் விசைப்பலகையும்தான். யார் எதைத் தட்டினாலும் வேலை நடப்பது என் அறைப் பெட்டிக்குள். சேர்ந்த முதல் வாரமே டைப்பிஸ்ட் அக்கா வந்து கேட்டார்.

"ஒரே மெஷின் எப்டிம்மா ஒம்பது பேருக்கும் ஒரே நேரத்துல வேல செய்யுது?"

"ஒரே நேரத்துல செய்யலக்கா. உங்களுக்குக் கொஞ்சம், அடுத்தவங்களுக்குக் கொஞ்சம்னு மாத்தி மாத்தி செய்யுது. ரொம்ப ஃபாஸ்ட்டா சுத்துறதால உங்களுக்குத் தெரியல."

"நானும் காலையிலேர்ந்து அதைத்தானே செய்றேன். என்னை யாரும் மெஷின்னு கூப்பிடல லா" என்று சிரித்துக்கொண்டே போனார்.

தலைமைக் குமாஸ்தா சிரிக்கிறவர் அல்ல. யாழ்ப்பாணத் தமிழர். பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்து, ரயில்வேயில் பல காலம் இருந்து ஓய்வு பெற்றபின் இங்கே வந்தவர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. பட்டியலில் ஓர் எழுத்து தப்பினாலும் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவார். என்னை 'மிஸ்' என்றுதான் அழைப்பார். மதிய உணவு நேரத்தில் எல்லாரும் கீழே கடைக்குப் போனாலும் அவர் மட்டும் டெர்மினல் முன் உட்கார்ந்து இரண்டு விரலால் எதையோ தட்டிக்கொண்டிருப்பார். அலுவலக வேலை என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பது டெர்மினல்களும் ஒரே செய்தியைக் காட்டி நின்றுவிட்டன. டிஸ்க்கில் இடமில்லை. மறுநாள் ஒரு கப்பல் வருகிறது. பிற்பகலுக்குள் பட்டியல் சுங்கத்துக்குப் போயாக வேண்டும்.

"ஸ்க்ரீன் ஜாம் ஆயிடுச்சிம்மா!" என்று டைப்பிஸ்ட் அக்கா வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

நான் ரூட்டாக உள்ளே நுழைந்தேன். யூனிக்ஸில் ரூட் என்பது ஒரு பயனர் பெயர். அந்தப் பெயரில் நுழைந்தவருக்குத் திறக்காத கதவே இல்லை. அந்தப் பாஸ்வேர்ட் என்னிடம் மட்டும்தான் இருந்தது. எந்த ஃபைல் இடத்தை அடைக்கிறது என்று ஒவ்வொருவர் பகுதியாகப் பார்த்துக்கொண்டே போனேன். தலைமைக் குமாஸ்தாவின் பகுதியில் வரிசையாகச் சின்னச் சின்ன ஃபைல்கள். மகள்1, மகள்2 என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்டு, அறுபதுக்கு மேல். எல்லாம் சேர்ந்தாலும் டிஸ்க்கில் ஒரு மூலைகூட நிரம்பாது. அது எனக்கு அளவைப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. அதைச் சொல்லியே ஆகவேண்டும். திறந்து பார்க்க ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் திறந்தேன்.

மொழி தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்துகளில் தட்டப்பட்டிருந்தது. 'இன்று உன் அம்மா சொதி வைத்தாள். தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது. நீ இருந்தால் சிரித்திருப்பாய். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டோம்.'

இன்னொன்றையும் திறந்தேன். 'குழந்தை பிறந்தது என்று வேறு ஆட்கள் சொல்லித்தான் தெரியும். ஆணா பெண்ணா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் கல்யாணத்துக்கு வராதவன் இதை எந்த முகத்தோடு கேட்பது?'

அதற்குமேல் படிக்கவில்லை. ஃபைலை மூடினேன். 

கோளாறு வேறிடத்தில் இருந்தது. பிரிண்டரில் இரண்டு நாளாகக் காகிதம் சிக்கியிருந்தது. அதைப் பற்றிய புகார்ச் செய்தியை சர்வர் விநாடிக்கு ஒரு முறை ஒரு பதிவு ஃபைலில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அது ஊதி ஊதி டிஸ்க்கை நிரப்பிவிட்டது. அந்த ஃபைலைக் காலி செய்து, காகிதத்தை எடுத்துவிட்டேன். டெர்மினல்கள் உயிர் பெற்றன. பட்டியல் நேரத்துக்குப் போய்விட்டது. முதலாளி வந்து, "குட் ஜாப்" என்றார். எனக்கு அந்தப் பாராட்டு மனதில் ஒட்டவில்லை.

பிற்பகலில் மறுபடி பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. அவருடைய ஃபைல்களை நான் மட்டுமல்ல, அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். புதிதாக உருவாகும் ஃபைலை யார் யார் படிக்கலாம் என்பதற்குச் சர்வரில் ஒரு அமைப்பு உண்டு. நான் சேர்ந்தபோது அதை இறுக்கியிருக்க வேண்டும். அப்படியே விட்டிருந்தேன். அத்தனையையும் அவர் மட்டும் படிக்கும்படி உடனே மாற்றினேன். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு ஃபைலும் கடைசியாகப் படிக்கப்பட்ட நேரத்தைத் தன்னோடு வைத்திருக்கும். அந்த இரண்டின்மேல் வியாழன் காலை பத்து நாற்பது என்று பதிந்திருந்தது. அவருக்கு அதைப் பார்க்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியம் மற்றவர்கள் கீழே போனபின் அவர் மேசைக்குப் போனேன்.

"சார், நேத்து டிஸ்க் ஃபுல் ஆனப்ப உங்க ஃபைலைத் திறந்துட்டேன். திறந்திருக்கக் கூடாது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எத்தினை வாசிச்சனீர்?"

"ரெண்டு, சார்."

"வேற ஆர் வாசிச்சவை?"

"தெரியல சார். எல்லாரும் படிக்கிற மாதிரிதான் இருந்துச்சி. என் தப்பு. இப்ப பூட்டிட்டேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு திரும்பி வந்துவிட்டேன். அடுத்த சில நாட்கள் என்னிடம் நேராகப் பேசவில்லை. வேலை இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதி டைப்பிஸ்ட் அக்காவிடம் கொடுத்தனுப்புவார். மதிய உணவு நேரத்தில் அவர் டெர்மினல் அணைந்தே இருந்தது. அதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது. அந்த மனிதருக்கு இருந்த ஒரே இடத்தை நான் கெடுத்துவிட்டேன்.

புதன்கிழமை அவரே என் அறைக் கதவைத் தட்டினார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பூட்டிட்டன் எண்டு சொன்னனீர். இப்ப உம்மால திறக்கேலுமோ?"

"முடியும் சார். ரூட்டுக்கு எதுவும் பூட்டு இல்ல."

"அப்ப அது என்ன பூட்டு?"

"மத்தவங்களுக்கு மட்டும்தான் சார். என்கிட்டேர்ந்து காப்பாத்தாது."

"அழிச்சால்?"

அதற்கும் உண்மையைத்தான் சொன்னேன். தினமும் மாலையில் சர்வரில் உள்ளதையெல்லாம் டேப்பில் பிரதி எடுக்கிறேன். பத்து டேப்கள் சுற்றி வருகின்றன. இரண்டு வாரத்தில் அவற்றின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். ஆனால் மாதக் கடைசி டேப்களை முதலாளியின் இரும்பு அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறோம். அவற்றில் அவர் எழுதியவையும் இருக்கும். அவற்றை அழிக்க எனக்கு அதிகாரமில்லை.

அவர் அந்த இரும்பு அலமாரி இருந்த பக்கம் பார்த்தார்.

"அவளுக்கு எழுதினதை அவளைத் தவிர எல்லாரும் வச்சிருக்கினம்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சரக்குப் பட்டியலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தவர் போலச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "முழுக்க பிரிண்ட் எடுக்கலாமோ, மிஸ்?" என்று கேட்டார்.

மறுநாள் மதிய உணவு நேரத்தில் எடுத்தோம். ஊசிகள் கரகரவென்று குத்தி எழுதும் பழைய பிரிண்டர் அது. இரு ஓரமும் துளையிட்ட நீளக் காகிதம் மடிப்பு மடிப்பாகக் கீழே விழுந்தது. அவர் பிரிண்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விழுந்த ஒவ்வொரு தாளையும் கையால் நேராக்கினார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியாக லோரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் பழுப்பு உறைக்குள் வைத்துச் சட்டைக்குள் மறைப்பதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை அரைநாள் வேலைக்கு அவர் வரவில்லை. காய்ச்சலிலும் லீவு போடாதவர் என்று டைப்பிஸ்ட் அக்கா அதிசயப்பட்டார். எனக்கு அன்று வேலை ஓடவில்லை.

திங்கட்கிழமை காலை என் அறைக்கு வந்தார். இந்த முறை உட்கார்ந்தார்.

"செராஸுக்கு ரெண்டு பஸ் மாற வேணும்" என்றார்.

"போனீங்களா சார்?"

"ஓம். மகள்தான் கதவைத் திறந்தவள். திறந்துபோட்டு அப்பிடியே நிண்டவள். எனக்கும் பேச வரேல்ல. உறையைக் குடுத்தன். இழுத்தாள், பேப்பர் முழுக்க ஒண்டாச் சேந்து ஹோல் முழுக்கக் கொட்டுண்டு போச்சு. நான் ஒரு தாளையும் கிழிச்சுப் பிரிக்கேல்ல. ரெண்டு பேரும் நிலத்தில இருந்து ஓரத்தையெல்லாம் கிழிச்சு அடுக்கினம். அதுக்குப் பிறகுதான் பேச்சு வந்தது."

"படிச்சாங்களா?"

"பிறகு வாசிக்கிறன் எண்டு எடுத்து வச்சிட்டாள். மருமகன் தேத்தண்ணி போட்டான். நல்லாத்தான் போடுறான்." சற்று நிறுத்தி, "பேத்தி" என்றார். பெயரையும் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு கூச்சம் இருந்தது.

எழுந்து போகும்போது, "நீர் சொல்லாம விட்டிருக்கலாம், பிள்ளை" என்றார். அது நன்றியா கண்டிப்பா என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. அன்று மாலையே நான் தந்த ஓர் அறிக்கையில் இரண்டு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

அந்த வேலையில் இன்னும் ஆறு வருடம் இருந்தேன். அவர் மதிய உணவு நேரத்தில் மறுபடி டெர்மினலைத் தட்டத் தொடங்கினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டளை போட்டால் தெரிந்திருக்கும். போடவில்லை.