உளைவு

கண்டியில் நான் காட்டும் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என் கழுத்து வீக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்கட உடம்பே உங்கட தைரொயிட்டைத் தாக்குது" என்றார். அன்றிலிருந்து என் உடம்பையே எனக்கு நம்ப முடியவில்லை.

போன மாசியில் வழக்கமான தைரொயிட் மாத்திரையோடு கொழுப்பைக் குறைக்கும் குளிசை ஒன்றையும் எழுதினார். "இரத்தத்தில கொழுப்பும் கொஞ்சம் கூடிப்போச்சு. இது அந்தத் தாக்குதலையும் தணிக்குமோ எண்டு ஆராயினம். முடிவாச் சொல்லேலாது. உளைவு வந்தா உடன நிப்பாட்டிப்போட்டு வாங்கோ."

வீடு திரும்பும் வத்தேகம பஸ்ஸில் என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஒனக்குக் கொழுப்புன்னு நான் சொன்னா கோவிச்சுக்குவ. இப்ப டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உளைவு என்றால் மன உளைச்சல் என்றே விளங்கிக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். திருப்பிக் கேட்கக் கூச்சம். உளைச்சல் இல்லாத நாள் எனக்கு ஏது? கேஸ் அடுப்பை மூடினேனா, மகள் பல்லேகலையில் வேலை முடிந்து ஒழுங்காக வந்து சேர்வாளா... அதற்காக மருந்தை நிறுத்தினால், உடம்பு கழுத்தைத் தின்று முடித்துவிடாதா? ஒரு நாளும் தவறாமல் விழுங்கினேன்.

முதலில் தொடை வலித்தது. சந்தையிலிருந்து சாமான் தூக்கி மேடு ஏறியதால் என்றிருந்தேன். அப்புறம் தேங்காய் துருவும்போது தோள். கடைசியில் தலை பின்னக் கை உயரவில்லை. "மழைக் குளிருக்கு அப்படித்தான்" என்று வீட்டுக்காரர் எண்ணெய் தேய்த்துவிட்டார்.

திரும்ப வரச்சொன்ன நாளில் டாக்டர் கேட்டார்: "உளைவு ஏதும் இருக்கோ?"

"அது எப்பவும் இருக்குங்க டாக்டர். நான் பயந்த சுபாவம்."

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. "அம்மா, உளைவெண்டு நாங்கள் சொல்லுறது கை கால் தசை நோவை."

தொடை, தோள், உயராத கை எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன்.

"கையை ஊண்டாமக் கதிரையால எழும்புங்கோ பாப்பம்."

நாற்காலியிலிருந்து எழ முயன்றேன். என் தொடைகள் யாருடையவோ போலக் கிடந்தன. பிடிக்க வந்த வீட்டுக்காரரை டாக்டர் கையைக் காட்டித் தடுத்தார். இன்னொரு தடவை முயன்றேன். எழும்ப முடியவில்லை.

"அந்தக் குளிசையை இனித் தொடாதேங்கோ. அருமையா எங்கயோ ஒருத்தருக்குத் தசை கரைஞ்சு கிட்னியைப் பழுதாக்கும். சிறுநீர் பால் விடாத பிளேன்டீ மாதிரிக் கறுப்பாப் போகுதோ?"

"பாக்கலீங்க."

சிறுநீர் பிடிக்கச் சின்னப் போத்தல் ஒன்றைத் தந்தார்கள். வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக் கழிப்பறை வரை போனேன். உள்ளே மங்கிய பல்ப். போத்தலை அதன் கிட்டத் தூக்கிப் பிடித்தேன்.

"என்னா, முடிஞ்சிச்சா?" வெளியே அவர் கதவைத் தட்டினார்.

நல்ல சாயம் இறங்கிய பிளேன்டீ. போத்தலின் சூடு கையில் இருந்தது. மூடியைத் திருகி இறுக்க, விரல்களில் பலம் வரவில்லை.