இஸ்திரிக்காரனுக்கு யார் வீடு தருவா?

ஊரு கசங்குனாத்தான் இஸ்திரிக்காரனுக்குச் சோறு. கொச்சியில இந்த மட்டாஞ்சேரி வேர்வையில நல்லாவே கசங்குது, அதுல ஒரு குறையும் இல்ல. சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து வந்து, இங்க தெருவோரம் வண்டி போட்டு நிக்கேன். பொழைக்கப் போன ஊர்ல வாடகை வீடு தேடி அலைஞ்ச மக்களே, இது உங்களுக்குத்தான். சொந்த வீட்டுக்காரங்க சும்மா சிரிச்சுட்டுப் போங்க.

தாமசம்

வந்த புதுசுல ஒரு பேங்க் சாரு சட்டையக் கொடுத்துட்டு, "எவிடெயா தாமசம்?"னு கேட்டாரு. நம்ம ஊர்ல தாமசம்னா லேட்டு. வேலைய எங்கடா இழுத்தடிக்கேன்னு கேக்காருன்னு நெனச்சு, மழையில சிரட்டைக்கரி நனைஞ்சது, பெட்டி சூடாகாதது, வண்டிச் சக்கரம் மக்கர் பண்ணுனதுன்னு முழு வாக்குமூலமும் கொடுத்தேன். மனுசன் பொறுமையாக் கேட்டு முடிச்சுட்டுச் சொன்னாரு:

"அதல்ல அண்ணாச்சி, ராத்திரி எங்க கிடந்து உறங்குறேன்னுதான் கேட்டேன்."

முதல்ல பேமிலி

உறங்குறது பக்கத்துல சுள்ளிக்கல்ங்கிற இடத்துல. ஒரே ரூம்ல நானும், வங்காளத்துல இருந்து வந்த கொத்தனார் ரத்தனும். கல்யாணம் முடிஞ்சும் என் பொண்டாட்டி செல்வி ஊர்லயே கிடந்தா. பங்குனிக்குள்ள வீடு பாக்கலைன்னா அம்மா வீட்டுக்குப் போயிருவேன், அப்புறம் கூப்பிட வந்துராதீகன்னு போன்ல சொல்லிட்டா. செல்வி சொன்னா செய்வா. மறுநாளே வீடு தேடிக் கிளம்பிட்டேன்.

வக்கீல் சாரு வீட்டு மாடி காலியா இருந்துச்சு. அவரு கருப்புக் கோட்டு, வீட்டம்மாவோட பட்டுச்சேலை எல்லாம் எங்கிட்டத்தான் வரும். பட்டையே நம்பிக் கொடுக்காங்க, பத்துக்குப் பத்து ரூமா பெருசுன்னு போய்க் கேட்டேன். பேமிலிக்கு மட்டும்தான் கொடுப்பாராம். பேமிலியக் கூட்டிட்டு வரத்தான் சார் வீடு கேக்கேன்னேன். சட்டப் புத்தகத்தக் கரைச்சுக் குடிச்சவரு இல்லையா, கொஞ்சம் யோசிச்சுட்டுத் தீர்ப்பு சொன்னாரு:

"முதல்ல பேமிலியைக் கொண்டுவா. அப்புறம் வீடு நோக்காம்."

பாலக்காட்டுக்காரன்

பாண்டின்னா இங்க தமிழ்நாட்டுக்காரன். பாண்டின்னு தெரிஞ்சாலே கதவச் சாத்திருவாங்க, பாலக்காடுன்னு சொல்லுன்னு புரோக்கர் ஒருத்தரு ஐடியா கொடுத்தாரு. அறிவாளி. ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஊர் எதுன்னாங்க. பாலக்காடுன்னேன். அங்கதான் மருமக வீடு, அங்க எந்த இடம்னு கேட்டாங்களே பாக்கணும்! பாலக்காட்ட நான் ரயில் போர்டுல படிச்சதோட சரி. ஸ்டேஷன் பக்கம்னேன். ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம்னாங்க. ரயில் நிக்கிற பக்கம்னேன். புரோக்கர் செருப்ப மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. டீச்சரம்மா சாயா கொடுத்துத்தான் அனுப்புனாங்க, அதுவரைக்கும் நல்லவங்க.

"பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் படிக்கணும் மோனே."

நம்மட ஆளு

பங்குனி பொறந்துருச்சு. மசாலாக் கடை முதலாளி ஒருத்தரு வீட்டுக்குப் பின்னால சின்ன வீடு காலின்னு கேள்விப்பட்டுப் போனேன். ரத்தனுக்கு அன்னைக்கு வேலை இல்ல, துணைக்கு வந்தான். முதலாளி எங்க ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்தாரு. வீடு எனக்குத்தான், பொண்டாட்டி வரப்போறான்னேன். அவரு ரத்தனக் காட்டி, பாய்மாருக்கு வீடே கொடுக்குறதில்லன்னாரு. வடக்க இருந்து வந்தா எல்லாரும் இங்க பாய்தான். எங்க இருந்து வாராங்க, என்ன செய்றாங்க, யாருக்குத் தெரியும்னு ஆரம்பிச்சாரு. வீடு வீடா என்னையப் பத்திச் சொன்ன அதே பாட்டு, ஒரு வரி மாறல. கடைசில என் தோள்ல கையப் போட்டு, அண்ணாச்சி நம்மட ஆளாச்சேன்னாரு. நேத்து வரைக்கும் பாண்டி, இன்னைக்கு நம்மட ஆளு!

சாவி கையில விழுந்துச்சு. சந்தோசம்னா அப்படி ஒரு சந்தோசம், ரத்தன் மூஞ்சியத்தான் பாக்க முடியல. கேட்டுக்கு வெளிய வந்து, தப்பா நெனைக்காதப்பான்னேன். அவன் ஒரு பீடியப் பத்தவச்சுக்கிட்டு, அவனுக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொன்னான்:

"இருக்கட்டும் அண்ணா. நமக்கப்புறம் வேற எவனாவது வருவான்ல, அப்ப நானும் இவங்க ஆளாயிருவேன்."

செல்வி வந்து சேந்துட்டா. மலையாளம் படிச்சு நான் சம்பாதிக்க முடியாத சொந்தத்த, எனக்குப் பின்னால ரயிலேறி வந்த ரத்தன் வாங்கிக் கொடுத்துட்டான்.