வெள்ளிக் காது

காது மெஷினைத் திறந்த அன்று அறையில் இருந்தவர்கள் இவர்கள். என் மனைவி. மகள், போனை எனக்கு நேரே பிடித்தபடி. மனைவியின் அண்ணன், மடியில் கேக் பெட்டியுடன். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஓர் இளம் பெண், மெஷினுக்குச் சத்தம் வைப்பது அவளுடைய வேலை. பிறகு நான். வெள்ளவத்தையில், காலி வீதியை ஒட்டிய ஒரு மேல்மாடி.

எனக்குக் காது போய் ஒன்பது வருஷம். ஒரு காய்ச்சலோடு போனது. அப்போது ஒருகொடவத்தையில் கன்டெய்னர் யார்டில் வேலை செய்தேன். பின்னால் லொறி வருவது தெரியாதவனை யார்டில் வைத்திருக்க மாட்டார்கள். மச்சான் வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருந்தார். பின்னால் ஸ்டோர் அறையில் வேலை தந்தார். சாரி மடித்தேன். இப்போது ஒப்பரேஷன் செய்து தலைக்குள் கம்பி வைத்ததிலும் பெரிய பங்கு அவர் போட்டதுதான். கேக்கும் அவர் வாங்கியது.

அந்தப் பெண் காதுக்குப் பின்னால் மெஷினைக் கொழுவினாள். அதிலிருந்து ஒரு வட்டத் துண்டை எடுத்துத் தலையில் வைத்தாள். காந்தம். தானாக ஒட்டிக்கொண்டது. பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள்.

சத்தம் வந்தது. தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் வந்தது. மனைவியின் வாய் அசைந்தது, கல் குலுங்கியது. மச்சானின் வாய் அசைந்தது, அதே கல்.

“கேக்குதா அப்பா?” என்றாள் மகள். அதை அவள் உதட்டில் பார்த்தேன்.

“சத்தம் வருது. சொல் வருதில்ல,” என்றேன்.

முதல் பாதியிலேயே கை தட்டிவிட்டார்கள். மனைவி அழுதாள். மச்சான் கேக் வெட்டினார். மகள் எடுத்த வீடியோ அன்று பின்னேரமே கனடாவுக்கும் லண்டனுக்கும் போனது. பிறகு நானும் பார்த்தேன். “சத்தம் வருது” என்று என் வாய் அசைவதோடு அது முடிந்திருந்தது. மிச்சத்தை வெட்டிவிட்டாள்.

மெஷின்காரப் பெண் மட்டும் என் முகத்துக்கு நேரே வந்து ஆறுதலாகச் சொன்னாள். “அங்கிள், இது புதுக் காது. மூளை முதல்ல இருந்து படிக்கணும். மாசக்கணக்காகும். சிலருக்கு வருஷம்.” அந்த நேரம் மற்றவர்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மனைவிக்கு ஒரு நேர்த்தி இருந்தது. எனக்குக் காது கேட்டால் அந்தோனியாருக்கு வெள்ளியில் ஒரு காது. கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்துச் சனம் செய்வதுதான். கால் சுகமானால் கால், கண் என்றால் கண். செட்டியார் தெருவில் தகட்டில் வெட்டி விற்பார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் அதை வாங்கிக் கைலேஞ்சியில் சுற்றி வைத்திருந்தாள்.

“இப்ப வேணாம்,” என்றேன். “நீ கதைக்கிறது விளங்கின பிறகு குடு.”

“சத்தம் கேக்குதுதானே?”

“சத்தம் நாய்க்கும் கேக்குது.”

“வாயக் கழுவுங்க. கோயில் காரியம்.”

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அதோடு கதை முடிந்தது. நேர்த்தி கொடுத்த பிறகு எனக்கு விளங்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னால் அவள் அந்தோனியாருக்குப் பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். அதனால் எங்கள் வீட்டில் எனக்குக் காது கேட்டது.

காது இல்லாத ஒன்பது வருஷமும் அவள் என்னோடு முகம் பார்த்துத்தான் கதைத்தாள். சட்டைக் கையை ஒரு இழுப்பு இழுப்பாள். திரும்புவேன். வாயை அசைப்பாள். சத்தம்கூடப் போடமாட்டாள், எதற்குப் போட? பூசையில் பிரசங்கம் நீண்டால், “ஃபாதருக்குப் பசிக்காதா?” என்பாள். பஸ்ஸில் முன் சீற்றில் இருக்கிற பெண்ணின் தலைச்சாயத்தைப் பற்றிச் சொல்வாள். பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போகும். கலியாணம் கட்டின புதிதில்கூட நாங்கள் அவ்வளவு கதைத்ததில்லை.

இப்போது குசினியில் நின்று கதைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. தண்ணீர் வந்தது, சட்டி வந்தது, பக்கத்து வீட்டு டீவி வந்தது. அதற்குள் அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. எழும்பி அவளுக்கு முன்னால் போய் நின்றேன். முகத்தைத் திருப்பினாள். அந்தப் பக்கம் போனேன். இந்தப் பக்கம் திருப்பினாள்.

கடைசியில் என்னைப் பார்த்து, “காதால கேளுங்க. வாயப் பாத்துப் பாத்துத்தான் பழகுதில்ல,” என்றாள்.

அதைச் சொல்வதற்கு மட்டும் முகத்தைத் தந்தாள்.

கடையில் மச்சான் என்னை முன்னுக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பெரிய மீசை. அவர் வாயை நான் ஒருநாளும் வாசித்ததில்லை. கவுண்டரைக் கையால் காட்டினார், போய் நின்றேன். மேலே ஃபேன். வெளியே பஸ் ஹோர்ன். பக்கத்தில் பொலித்தீன் பை, அது பிரிகிற சத்தம் சீன வெடி மாதிரி. ஒரு சிங்களப் பெண் வந்து ஏதோ கேட்டாள். போனை வாய்க்குக் கிட்டப் பிடித்திருந்தாள், உதடு தெரியவில்லை. திரும்பவும் கேட்டாள். நான் ஒரு நீலச் சாரியை எடுத்து விரித்தேன். அவள் சாரியைப் பார்க்கவில்லை, மச்சானைப் பார்த்தாள். மச்சான் என்னைப் பார்த்தார்.

ஒரு கிழமைக்குள் பழையபடி ஸ்டோர். அங்கே குனிந்து கட்டு ஒன்றைத் தூக்கும்போது தலையில் இருந்த காந்தம் கழன்று, சாரி அடுக்கும் இரும்பு ராக்கையில் போய் ஒட்டிக்கொண்டது. வயரும் நானுமாக இழுபட்டோம். கடைப் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி என் முன்னால் வந்து நின்று, “அங்கிள், ராக்கை உங்கள விடுதில்ல. லவ் போல,” என்றாள். முகத்தைப் பார்த்துச் சொன்னாளே என்று நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவியோடு வெகுநேரம் கதைத்தார். நானும் அதே அறையில்தான் இருந்தேன். அவர் போன பிறகு மகளிடம் கேட்டேன்.

“மாமா என்ன சொன்னார்?”

“விடுங்கப்பா.”

“சொல்லு.”

“உங்களுக்கு நல்லாக் கேக்குதாம். வேலை செய்யப் பஞ்சியாம். அதான் செவிடன் மாதிரி இருக்கிறீங்களாம்.”

“அம்மா என்ன சொன்னா?”

மகள் போனைப் பார்த்தாள். “ஒண்டும் சொல்லேல்ல.”

மச்சான் என்னைச் சோம்பேறி என்றது எனக்குப் பெரிதில்லை. அவர் கடைக்காரர், ஆளை அப்படித்தான் பார்ப்பார். மனைவி ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். போய்க் கேட்டேன்.

“நான் நடிக்கிறன் எண்டு நீயும் நினைக்கிறியா?”

வேறு பக்கம் பார்த்துக்கொண்டு எதையோ சொன்னாள். கல் குலுங்கியது. தாடையைப் பிடித்துத் திருப்பினேன். அப்படி நான் செய்ததில்லை. திரும்பவும் சொன்னாள்.

“அவர் தந்தத வேணாம் எண்டு நிக்கிறது நீங்கதான்.”

அவர் என்றது அந்தோனியாரை.

மெஷினைக் கழற்றி மேசையில் வைத்தேன். “அடுத்த முறை கிளினிக்குக்கு நீயும் வா. வராட்டி இதை இனிப் போடமாட்டன்.” போடவும் இல்லை. அது மேசையிலேயே கிடந்தது. அதைச் சுற்றி மேசையைத் துடைத்தாள். தவணை நாள் வந்ததும் சாரி மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். மெஷினைக் கொழுவிக்கொண்டு போனேன்.

மெஷின்காரப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் மனைவியைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரித் திரும்பி இருந்துகொண்டு, “அன்டி, இண்டைக்கு நீங்களே சொல்லுங்க. வீட்டுக் குரல்தான் அங்கிளுக்கு லேசா இருக்கும்,” என்றாள்.

மனைவியிடம் ஒரு மட்டையைக் கொடுத்தாள். அதில் இருபது சொல். வீட்டில் புழங்குகிற சொற்கள்தான் என்றாள். ஒரு வளையமும் கொடுத்தாள், கறுப்புத் துணி கட்டினது. அதை வாய்க்கு முன்னால் பிடிக்க வேண்டும். மனைவி பிடித்தாள். கண் மட்டும் தெரிந்தது.

கதவு மூடியிருந்தது. ஃபேன் இல்லை, குழாய் இல்லை. அவளுடைய குரல் மட்டும்தான் வந்தது.

ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பட்டதைச் சொன்னேன். தெரியாவிட்டால் தெரியாது என்றேன். அந்தப் பெண் தாளில் குறித்தாள். முதலில் மனைவி வேகமாகச் சொன்னாள், பிடித்துவிட்டேன் உன்னை என்கிற மாதிரி. பாதிக்கு வரும்போது மெதுவாகச் சொன்னாள். பிறகு பலத்துச் சொன்னாள், கல் பெரிதாகக் குலுங்கியதில் தெரிந்தது. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வளையத்தைக் கீழே இறக்கினாள், உதட்டைக் காட்டத்தான். அந்தப் பெண் ஒரு விரலால் அதைத் திரும்ப உயர்த்தினாள். எனக்கு வியர்த்தது. யார்டில் வெயிலில் நிற்கும்போதுகூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை. மனைவியின் கண்ணைப் பார்க்காமல் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் வளையத்தை மடியில் வைத்தாள். என்னைக் கேட்கவில்லை, அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

“எத்தின சரி?”

அந்தப் பெண் தாளை எங்கள் பக்கம் திருப்பினாள்.

இருபதில் நாலு.