ஜெசிந்தாவுக்கு ஒதுக்கிய இடம்

கல்யாணப் பேச்சுக்குப் போன இடத்தில் கல்லறையைப் பற்றிப் பேசவேண்டி வரும் என்று யாராவது நினைப்பார்களா? போன ஞாயிற்றுக்கிழமை, துபாய் கராமாவில், தோசைக்கு நடுவே பேசினோம்.

பெண் ஜெசிந்தா, யாழ்ப்பாணம். எங்கள் ஆபீஸில் அட்மின். மாப்பிள்ளை சண்முகம், மன்னார்குடிப் பக்கம். அல் கூஸில் ஒரு குடோனுக்கு ஸ்டோர் இன்சார்ஜ். இருவருமே துணையை இழந்தவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள், பிள்ளைகள் இல்லை. இரண்டு பேருக்கும் தெரிந்தவன் என்பதால் நான் தரகன்.

ஜெசிந்தாவின் கணவர் அமெரிக்க ராணுவத்தில் லாரி மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு நோயில் போய்விட்டார். அங்கே முன்னாள் ராணுவத்தினருக்கென்று அரசாங்கமே கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிறது. ஒரே மாதிரி வெள்ளைக் கற்கள், வரிசை வரிசையாக. மனைவிக்கும் அதே குழியில் இடம் உண்டு. கல்லின் முன்பக்கம் அவர் பெயர். பின்பக்கம் காலி... ஜெசிந்தாவுக்காக.

சிக்கலே அந்த இடம்தான்.

“நான் செத்தா அவரோடதான் கிடக்கோணும், அண்ணை. இன்னொருத்தரைக் கட்டினா அந்த இடத்தைத் தருவினமோ தெரியேல்லை” என்றார் என்னிடம். இதனால்தான் சண்முகத்துக்குப் பதிலே சொல்லாமல் இழுத்தடித்திருக்கிறார். சண்முகமோ தன்னைப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். யோசித்தால், சிரிக்க என்ன இருக்கிறது? இங்கே நமக்கு எது நிரந்தரம்? விசா, ரூம், வேலை – எல்லாமே ரெனியூவல். ரெனியூவல் கேட்காத ஒரே இடம் அவருக்கு அங்கேதான் இருக்கிறது. லேசில் விட முடியுமா?

அந்தக் கல்லறைத் தோட்ட அலுவலகத்துக்கே மெயில் போடச் சொன்னேன். பதில் வந்தது. மறுமணம் செய்துகொண்டாலும் உரிமை போகாதாம். கலாஸ், முடிந்தது என்று நினைத்தேன். எங்கே? அதை மாப்பிள்ளையிடம் யார் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை தோசைக் கடையில் ஜெசிந்தாவே சொன்னார்.

“உங்களைக் கட்ட எனக்கு விருப்பம்தான். ஆனா செத்தாப் பிறகு நான் அவரிட்டத்தான் போவன். அது வருத்தமெண்டா இப்பவே சொல்லிப்போடுங்கோ.”

இதைக் கேட்டபிறகு எந்த ஆண் சட்னியைத் தொடுவான்? சண்முகம் தொட்டார். நிதானமாக மென்றார்.

“எனக்கு எப்படியும் காவேரிதாங்க. சாம்பலுக்குப் பக்கத்துல எடம் எதுக்கு?” என்றவர், கொஞ்சம் யோசித்தார். “அது இருக்கட்டும். ஒங்கள அவ்வளவு தூரம் யாரு கொண்டுபோயி சேர்ப்பா?”

ஜெசிந்தா விழித்தார். அதை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. கல் இருக்கிறது, குழி இருக்கிறது, கொண்டுபோக ஆள் இல்லை.

“நான் இருந்தா, நானே கொண்டுபோயி அவருகிட்ட விட்டுட்டு வர்றேன்” என்றார் சண்முகம், சாம்பார் வாளியைத் தன் பக்கம் இழுத்தபடி.

ஜெசிந்தா அழுதுவிட்டார்.

கல்யாணம் அடுத்த மாதம். மனுஷனுக்கு அமெரிக்க விசா கிடைக்குமா என்பதுதான் இப்போது என் கவலை.