கை மாறினால் இரும்பாகும் எருமை

முப்பது வயது தாண்டிய ஒருத்தி, அதுவும் வன்னியில் இருந்து வெறுங்கையோடு வெளியேறி வந்த ஒருத்தி, ஒரு விளையாட்டு மெஷினுக்குள் இருந்த மிருகத்துக்காக இன்னும் ஒருவனைக் கறுவிக்கொண்டிருக்கிறாள் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரிக்கட்டும். எங்கள் வீட்டையும் கடையையும் எடுத்தவர்களின் முகம் எனக்குத் தெரியாது. என் எருமையை எடுத்தவனின் முகம் நன்றாகத் தெரியும். அவன் என் பெரியம்மாவின் மகன், என்னைவிட இரண்டு வயது மூப்பு, கனடாவில் வளர்ந்தவன். வருடத்துக்கு இரண்டு தடவை கைபேசியில் சுகம் விசாரிப்பான். நல்ல சுகம் அண்ணா என்று பல்லைக் கடித்துக்கொண்டு பதில் போடுவேன்.

சமாதானம் வந்து பாதை திறந்த பிறகு பெரியம்மா அனுப்பிய முதல் பொதியில்தான் அந்த மெஷின் வந்தது. உடுப்பு, சவர்க்காரம், உருகிப்போன சொக்கலேற், எல்லாவற்றுக்கும் அடியில் சாம்பல் நிறத்தில் உள்ளங்கை அளவு ஒரு பெட்டி. அண்ணனுக்குப் புதிது வாங்கிக் கொடுத்ததால் பழையதை எனக்கு அனுப்பியிருந்தார்கள். காடு, மலை, குகை என்று அலைந்து விசித்திரமான மிருகங்களைப் பிடித்து, வளர்த்து, மற்றவர்களின் மிருகங்களோடு மோதவிடுகிற விளையாட்டு. எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

நாங்கள் இருந்தது மாங்குளத்தில். அப்பா சந்திக்குக் கிட்ட சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். வீட்டுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றறி வன்னிக்குள் வராத காலத்தில் அப்பா சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டவர். கடையில் பற்றறி தொங்கத் தொடங்கிய பிறகும் அவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. "கால் இருக்கேக்க என்னத்துக்குப் பற்றறி?" என்று சொல்லி, றேடியோவுக்குச் செய்த சின்னப் பெட்டியை மெஷினுக்கு ஏற்றமாதிரி மாற்றித் தந்தார். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சில்லு அந்தரத்தில் சுற்ற, டைனமோவை ரயரில் முட்டவிட வேண்டும். மெஷினைப் பழைய ரியூப் துண்டால் ஹாண்டிலில் கட்டிவிட்டு நான் சீற்றில் ஏறி உழக்குவேன். ஒரு அடி நகராமல் எத்தனையோ மலை ஏறி இறங்கினேன். தெருவால் போகிறவர்கள் அப்பாவிடம், "பிள்ளை எங்க போறா?" என்று நக்கலாகக் கேட்பார்கள்.

அதில் ஒரு கண்டம் இருந்தது. விளையாடியதை மெஷினில் செருகியிருக்கும் விளையாட்டுத் தகட்டில் பதியும் அந்தச் சில விநாடிகளில் கால் நிற்கக்கூடாது. நின்றால் அன்றைய விளையாட்டு மட்டுமல்ல, முதலில் இருந்து சேர்த்தது முழுவதும் அழிந்துபோகும். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஒருநாள் அம்மா குசினியில் இருந்து கூப்பிட, ஓம் என்று சொல்லிக் காலை எடுத்துவிட்டேன். மூன்று கிழமைப் பாடு அப்படியே போனது. அதன் பிறகு பதியும்போது யார் கூப்பிட்டாலும் எனக்குக் காது கேட்காது.

இரண்டாம் முறை தொடங்கியபோதுதான் ஒரு குகைக்குள் அந்த எருமையைப் பிடித்தேன். விளையாட்டில் அதற்கு வேறு பெயர். எனக்கு அது எருமை. உடம்பு முழுக்கப் பாறாங்கல், கொம்பும் கல், நடந்தால் திரை குலுங்கும். மந்தமான சாமான். நெருப்புக் கக்குவதும் பறப்பதுமாக எத்தனையோ இருக்க, அதை யாரும் விரும்பி வளர்க்க மாட்டார்கள். நான் வளர்த்தேன். அடி வாங்கினாலும் பின்வாங்காத அதன் குணம் எனக்குப் பிடித்தது. பிடித்த மிருகத்துக்கு நாங்களே பெயர் வைக்கலாம், ஆனால் ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எனக்கு எழுதத் தெரிந்தது என் பெயர் ஒன்றுதான். அதையே வைத்தேன்.

மெஷினோடு வந்த சின்னப் புத்தகத்தில் அந்த எருமைக்கு இரண்டு படம் இருந்தது. ஒன்றில் அது கல். மற்றதில் கொம்பும் முதுகும் பளபளவென்று இரும்பு. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மெஷினும் அவற்றை இணைக்கும் ஒரு வயரும் வரைந்திருந்தது. எவ்வளவுதான் வளர்த்தாலும் தானாக அது இரும்பாகாது. வயர் வழியாக இன்னொருவர் மெஷினுக்குக் கை மாறினால்தான் ஆகும். எங்கள் பக்கத்தில் இன்னொரு மெஷினுக்கு எங்கே போவது? ஒரு வருடம் அந்த இரண்டாவது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓகஸ்ட் மாதம் பெரியம்மாவும் அண்ணாவும் வந்தார்கள். வெளிநாட்டில் இருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் அந்த நாட்களில் எங்கள் வீடுகள் பட்ட பாடு சொல்லி முடியாது. அப்பா புதிதாகக் கக்கூஸ் கட்டினார். என் கட்டிலும் நுளம்பு வலையும் அண்ணாவுக்குப் போயின. அம்மா கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, வடித்து, அவனுக்கென்று தனிப் போத்தலில் வைத்தா. முட்டையிடுகிற கோழிகூட அவனுக்காகச் சட்டிக்குப் போனது. அவன் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லக்கூடாது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் கூடாது. வந்தவர்களின் மனம் நோகக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். யார் போட்டதென்று தெரியாது, ஆனால் அதை மீறின ஒருவரையும் நான் காணவில்லை.

புறப்படுகிற அன்று அவர்களின் வாடகை வான் வாசலில் நின்றது. ஓமந்தைச் சோதனைச்சாவடி மூடுவதற்கு முன் போய்ச் சேர வேண்டும் என்று சாரதி அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். அப்போதுதான் அண்ணா பையில் இருந்து வயரை எடுத்தான்.

"உன்ர எருமையைத் தா. இரும்பாக்கிப்போட்டுத் திருப்பித் தாறன்."

நான் சீற்றில் ஏறி உழக்கினேன். வயர் இரண்டு மெஷினையும் இணைத்தது. எனக்குப் பதிலுக்கு அவன் ஒரு மீனைத் தந்தான், துள்ளுவதைத் தவிர ஒன்றும் தெரியாத மீன். என் எருமை என் திரையை விட்டுப் போய் அவன் திரையில் ஏறியது. ஏறியதும் நடுங்கியது. கல் ஒவ்வொன்றாக வெளுத்து, கொம்பு நீண்டு, முதுகில் இரும்புத் தகடு தகடாக எழும்பியது. அதைப் போல வடிவான ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. கீழே என் பெயர் அப்படியே இருந்தது.

"இனித் தாங்கோ அண்ணா," என்றேன்.

அவன் வயரைப் பிடுங்கிச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான்.

"அந்த மெஷினே நான் தந்ததுதானே. அதுக்குள்ள வளந்ததும் என்ரதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் வான்வரை போய்க் கண்ணாடியில் தட்டினேன். அம்மா வந்து என் கையைப் பிடித்து இழுத்தா. "விடு பிள்ளை, வந்த பிள்ளையோட சண்டை பிடிக்கிறதே? ஒரு விளையாட்டுச் சாமான்." பெரியம்மா கண்ணாடியை இறக்கி, அடுத்த முறை அவன் கொண்டுவந்து தருவான் என்றா. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. வான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

அடுத்த பன்னிரண்டு மாதமும் நான் அவனைப் பழிவாங்கினேன், மனதுக்குள். அவனுடைய சூட்கேசுக்குள் முசுறு எறும்புக் கூட்டைக் கவிழ்த்தேன். தனிப் போத்தலுக்குள் குளத்துத் தண்ணீரை நிரப்பினேன். புதுக் கக்கூசில் அவனை வைத்துப் பூட்டித் திறப்பைக் கிணற்றில் போட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடக்கும்போது இவற்றுக்கெல்லாம் நேரம் ஒதுக்கினேன். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போனபோது எல்லோரும் நெற்செய்கைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கும்பிட்டார்கள். கோபத்தில் ஒரு ஊரையே எரித்தவள் என்று சொல்லப்படுகிற அம்மன் அவள். எனக்கு ஊரெல்லாம் வேண்டாம் தாயே, ஒரே ஒருவன், அவனுக்குப் பிரியமான ஒரே ஒரு சாமான் என்று கேட்டேன். அம்மா நான் பக்தியாகிவிட்டேன் என்று சந்தோசப்பட்டா.

மறு ஓகஸ்டில் அவர்கள் திரும்ப வந்தார்கள். இம்முறை அவன் வயர் கொண்டுவரவில்லை. கேட்டதற்கு மறந்துபோச்சு என்றான். கையில் மடிக்கிற புது மெஷின் இருந்தது. அதைச் சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டுச் சுவரில் செருக எதுவும் இல்லை. இரண்டாம் நாள் காலையே அது செத்துப்போனது. சந்திக் கடையில் ஜெனரேற்றர் போடப் பின்னேரம் ஆகும். அவனுக்குப் பொறுக்கவில்லை. தன் விளையாட்டுத் தகட்டைக் கழற்றி என் பழைய மெஷினில் போட்டான். அந்தத் தகட்டுக்குள்தான் அவன் இரண்டு வருடமாகச் சேர்த்த எல்லாம் இருந்தது. என் எருமையும் இருந்தது.

"நீ உழக்கு," என்றான்.

அப்பாவின் கடைக் கொட்டிலில் அவன் கதிரையில் சாய்ந்திருந்து விளையாட, டைனமோ வயர் நீளத்தில் நான் சீற்றில் இருந்து உழக்கினேன். அம்மா அவனுக்குத் தேசிக்காய்த் தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனா. முக்கால் மணித்தியாலம் உழக்கினேன். அவன் நெருப்பு மிருகத்தையும் பறவையையும் மாறி மாறி இறக்கினான். எருமையை ஒருதடவையும் இறக்கவில்லை.

"என்ர எருமையை விடுங்கோவன் பாப்பம்," என்றேன்.

"அது வேண்டாம்."

"அப்ப அதை எனக்குத் தாங்கோ. அடுத்தமுறை வயர் கொண்டு வாங்கோ. நான் ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன்."

நான் கெஞ்சிக் கேட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "எத்தினை தரம் சொல்லுறது? உனக்கு மீன் தந்தனான்தானே," என்றான். பிறகு, "சேவ் பண்ணப்போறன், மெதுவா உழக்காத," என்றான்.

எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. ஏதோ ஆத்திரத்தில் கை தவறியது என்று நான் யாருக்கும் கதை விடப்போவதில்லை. தகடு அழிந்தால் எருமையும் அழியும் என்று தெரியும். அது அவனிடம் இருந்துகொண்டு அவன் சொன்னபடி ஆடுவதைவிட இல்லாமல் போகட்டும் என்று நினைத்தேன். அவன் திரையில் எழுத்து வரும்வரை காத்திருந்தேன். மெஷினை நிறுத்தவேண்டாம் என்று எழுத்து வந்தது. பின்பிறேக்கை முழுக் கையாலும் பிடித்தேன். சில்லு கிறீச்சென்று நின்றது. திரை வெளுத்து, பிறகு இருண்டது.

"என்ன செய்தனி?"

"கால் உளைஞ்சுது அண்ணா. திரும்ப உழக்கிறன், பாருங்கோ."

உழக்கினேன். மெஷின் உயிர்த்தது. பதிந்தது எல்லாம் பழுதாகிவிட்டது, அழிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் காட்டியது. அவன் அதை இரண்டு தரம் வாசித்தான்; வாசித்து முடிய நான் திரும்பவும் பிறேக்கைப் பிடித்துச் சில்லை நிறுத்தினேன். அவனுடைய சொண்டு நடுங்குவதைப் பார்த்தேன். அந்தச் சந்தோசத்தை நான் ஒளிக்கப்போவதில்லை. உச்சந்தலையில் இருந்து பாதம்வரை குளிர்ந்தது. அம்மன் கேட்டதைத் தந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அவன் போட்ட சத்தத்துக்கு எல்லோரும் ஓடிவந்தார்கள். பெரியம்மா பிள்ளையைக் கட்டிப்பிடித்தா. அப்பா தன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பழசு தம்பி, குறை நினைக்காதையுங்கோ," என்று அந்தப் பதினேழு வயதுக்காரனிடம் தலை குனிந்து சொன்னார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அம்மா மட்டும் பிறேக்கில் இருந்த என் கையைப் பார்த்துவிட்டு, தேசிக்காய்த் தண்ணி குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு போனா.

பெரியவர்கள் போன பிறகு அவன் கதிரையில் இருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். என் வெற்றியைக் கடைசிச் சொட்டுவரை அனுபவிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

"என்ர எருமையும் போயிட்டுதோ அண்ணா?" என்று பாவம்போலக் கேட்டேன்.

"அது போனாப் போகட்டும்," என்றான். "அந்தச் சனியன் ஒருநாளும் என்ர சொல்லுக் கேக்கேல்ல. சண்டைக்கு விட்டா முகத்தைத் திருப்பும், இல்லாட்டி நித்திரை கொள்ளும். உன்ர பேரை மாத்தப் பாத்தன், மாத்தவும் ஏலாது. பெடியள் எல்லாம் என்னைச் சிரிச்சவங்கள்."

வேறொருவர் வளர்த்த மிருகம், போதிய பதக்கம் வெல்லாதவனுக்குப் பணியாது, அது அந்த விளையாட்டின் விதி என்று பல வருடம் கழித்து ஒருவர் எனக்கு விளக்கினார். இருக்கலாம். அன்று அந்தக் கொட்டிலில் எனக்கு விதி எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம், ஒரு வருடம் முழுக்க, கடல் தாண்டி, என் பெயரோடு அது அவனுக்கு அடிபணியாமல் நின்றது என்பதுதான்.

"ஒருநாளுமோ?" என்று கேட்டேன்.

"ஒருநாளும்."

கையை எடுக்கப் பார்த்தேன். விரல்கள் இன்னும் பிறேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தன.