அவுட்டோபானில் வெறும் பாதை

இந்த சுவிஸ் நாட்டில் அவுட்டோபான் என்கிற பெருவீதியில் காலை வேளையில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அசையாமல் நிற்கும். பக்கத்திலேயே ஒரு பாதை வெறுமையாகக் கிடக்கும். பழுதான வாகனத்துக்கும் அம்புலன்சுக்கும் என்று விட்டது. வேறு ஒருவனும் அதில் சில்லு வைக்கமாட்டான். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் அவ்வளவு இடம் கிடந்தால் மினிபஸ்காரர் சும்மா விடுவார்களா?

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கும்பிட்டுவிட்டு வந்தவன் நான். கண்டி வீதியில் லொறி ஓட்டிய கை இது. லாங்கன்தால் என்ற இந்த ஊரில் எங்கள் ஆட்களில் முதலில் கார் வாங்கியவனும் நான்தான். மேல்வீட்டில் இருந்த சுவிஸ்காரருக்கு வீதிகள் திட்டமிடும் கந்தோரில் வேலை. ஆகக் கூடின நெரிசலைப் பார்த்து வீதி போடுவதில்லையாம். போட்டால் மற்ற நேரமெல்லாம் சும்மா கிடக்குமாம். வருடத்தில் சில மணித்தியாலம் கார்கள் நின்றால் நிற்கட்டும் என்றார். கலியாண வீட்டில் ஆகப் பெரிய பந்திக்குத்தானே உலை வைப்போம் என்றேன். காருக்குப் பசிக்காது என்று சிரித்தார். உள்ளே இருக்கிறவனுக்குப் பசிக்காதா என்றேன். "அவன் வேளைக்கு வெளிக்கிடட்டும்!"

அக்காவின் மகன் சிவத்துக்குப் பேர்ன் நகரில் அகதி விசாரணை வந்தது. நேரம் தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துபோயிருந்தான். ரயிலில் போகிறேன் என்றான். மாமன் கார் வைத்திருக்க ரயிலா? முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை பேர்ன் வரை காரை ஓடிப் பார்த்தேன், காற்றாய்ப் போனது. திங்கள் காலை, பேர்னுக்குக் கிட்டவுள்ள ஏற்றத்தில் நெரிசல் பிடித்துக்கொண்டது.

"மாமா, இது அசையாது. என்ரை கதை முடிஞ்சுது."

"பேசாமல் இரடா. ஆனையிறவில ஆமிச் சென்றியையே தாண்டி லொறி கொண்டந்தவன் நான்."

வெறும் பாதையில் காரை இறக்கினேன். கொஞ்சத் தூரம்தான், பின்னால் நீலவெளிச்சம். பொலிஸ்காரன் ஆறுதலாக இறங்கி வந்தான். சிவம் விசாரணைக் கடிதத்தை நீட்டினான். "பேர்ன், அசூல், ஷ்னெல்" என்று, பேர்ன், அகதி, கெதி என்கிற அளவில் எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் கொட்டினேன். அவன் அவசரப்படாமல் தெண்டக் காசுக்குத் துண்டு எழுதினான். பிறகு ஏதோ சொல்லி, தன் வாகனத்துக்குப் பின்னால் வரும்படி கைகாட்டினான்.

அந்தப் பாதையில் அவன் முன்னே, நாங்கள் பின்னே. நின்ற கார்களில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிடிபட்டவர்கள் என்று நினைத்தார்களோ, பெரிய மனிதர்கள் என்று நினைத்தார்களோ. ஊரில் ஆமி ஜீப்புக்குப் பின்னால் போன பெடியளில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்?

"மாமா, எங்க கொண்டு போறாங்கள்?"

"கந்தோருக்குத்தான்."

"பொலிஸ் கந்தோருக்கோ?"

எனக்கும் தெரியாது. லொறிக்காரனின் முகத்தை வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

விசாரணைக் கட்டடத்தின் வாசலில் அவன் வாகனம் நின்றது. மணிக்கூட்டைக் காட்டி, நேரம் இருக்கிறது என்பதுபோல் தலையசைத்துவிட்டுப் போய்விட்டான்.

சிவம் ஒரு கையால் கார்க் கதவைத் திறந்தான். மற்றக் கை என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது.