ஊரணித் தண்ணீருக்காக எழுதிய விண்ணப்பம்

நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தை எழுதிய பகல்பொழுதை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. என் வீட்டுக்காரரும் இன்று இல்லை, அவருடைய தம்பியும் இல்லை. புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலம் அது. அரிமளத்துக்குத் தெற்கே எங்கள் ஊர்.

குடிதண்ணீருக்கு ஊரில் ஒரே ஊரணி. எங்கள் தெருக்காரர்கள் அதன் படியில் இறங்கக் கூடாது. கரைமேல் குடத்தை வைத்துவிட்டு நிற்க வேண்டும். மேலத்தெருப் பெண் யாராவது வந்து, மனசு வந்தால், மொண்டு ஊற்றுவாள். குடத்தோடு குடம் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவதால் பாதித் தண்ணீர் மண்ணுக்குப் போகும். அந்தக் கோடையில் நான் கைப்பிள்ளைக்காரி. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்று பார்த்துவிட்டு, ஒரு நாள் வெறுங்குடத்தோடு திரும்பினேன்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த என் கொழுந்தன் அதைப் பார்த்துவிட்டார்.

“அங்கிட்டு மலைத்தண்ணி பீலிக் குழாயில கொட்டும் மதினி. முன்னால வந்தவங்க முன்னால பிடிப்போம். இங்கிட்டு மட்டும் என்ன? திவான் கச்சேரிக்கு எழுதிப் போடுவோம்.”

“எழுதிட்டு நாளைக்கு எவன் வயலுக்கு வேலைக்குப் போறது?” என்றார் என் வீட்டுக்காரர். ஆனாலும் காகிதம் வாங்கி வந்தது அவர்தான். அண்ணன் தம்பி இருவருக்கும் எழுத்து வராது. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அதனால் பேனா என் கைக்கு வந்தது.

ஐயனாரை நினைத்துப் பிள்ளையார் சுழி போட்டேன். அதற்குமேல் ஒரு எழுத்து நகரவில்லை.

“எங்களுக்கு உரிமை உண்டுன்னு முதல் வரியிலயே போடுங்க” என்றார் கொழுந்தன்.

“வேணாம் தம்பி. பாதம் பணிந்த அடிமைகள்னு ஆரம்பிக்கட்டும். அதிகாரி மனசு எளகணும்ல.”

“அடிமைன்னு நாமளே எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் அவரு எதுக்கு எளகுறாரு?”

இருவரும் இப்படியே மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த விண்ணப்பம் ஒன்றுதான். ஐயனார் கோவில் வெளிவாசலில் நின்று வைப்பேனே, அது. முதலில் அவர் பெருமையைச் சொல்லுவேன். பிறகு என் குறையைச் சொல்லி அழுவேன். மனம் இரங்காதவர் போலத் தோன்றினால், உனக்குக் கண் இல்லையா என்று கொஞ்சம் வைதும் விடுவேன். அந்த வழியிலேயே எழுதிக்கொண்டு போனேன். வாசித்துக் காட்டியபோது கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அப்படியே கடைசியில கெடா வெட்டுறதாவும் எழுதிடுங்க மதினி. அதிகாரி சந்தோசப்படுவாரு.”

என் வீட்டுக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்ததும் கொழுந்தன் சொன்னார்: “அழுதது போதும். மேலத்தெருவு மறுக்க முடியாததா ஒண்ணு வேணும்.”

என் வீட்டுக்காரர்தான், யாரிடமோ குறைப்பட்டுக்கொள்வது போல மெதுவாகப் பேசினார்.

“போன வருசம் பங்குனியில ஊரணியத் தூர் வாரினது யாரு? நம்ம தெருவுதானே. நடு ஊரணியில உக்காந்துதானே கஞ்சி குடிச்சோம். அப்ப தீட்டு எங்கிட்டுப் போச்சு?”

“அண்ணே, இதை இம்புட்டு நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?” என்றார் தம்பி.

நான் எழுதினேன்: ‘வற்றின ஊரணியில் இறங்க எங்களைக் கூப்பிடுகிறார்கள். நிறைந்த ஊரணியில் இறங்க வேண்டாம் என்கிறார்கள். இது ஐயனார் கேட்க வேண்டிய வழக்கு. அவர் வாய் திறக்க மாட்டார் என்பதால் ஐயா அவர்களிடம் வைக்கிறோம்.’ அடிமைகள் என்று எழுதவில்லை. ‘ஊரணி தூர் வாரும் குடிகள்’ என்று முடித்தேன். அதில் இருவருக்கும் சம்மதம். தெருவார் எல்லோரும் கீழே கைநாட்டு வைத்தார்கள்.

மழை பெய்து ஊரணி நிறைந்த பிறகு ஒரு அதிகாரி வந்தார். கரைப் புளியமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். மேலத்தெருக்காரர்கள் ஒரு பக்கம், நாங்கள் தள்ளி ஒரு பக்கம். குமாஸ்தா விண்ணப்பத்தை உரக்க வாசித்தார். என் எழுத்தை வேறொருவர் வாயால் கேட்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஊர்த்தலைவரான மேலத்தெரு அம்பலகாரர் எங்கள் பக்கம் திரும்பினார். “எழுத்தெல்லாம் பெலமாத்தான் இருக்கு. எந்த வக்கீல வச்சீங்கப்பா?”

“வக்கீலு எங்க மதினிதானுங்க” என்றார் கொழுந்தன். மேலத்தெருப் பக்கத்திலும் சிரித்தார்கள்.

அதிகாரி சிரிக்கவில்லை. உரிமையைப் பற்றியோ சாமியைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை. “தூர் வாரினது இவங்கதானா?” என்று மட்டும் கேட்டார்.

“ஆமாங்க. ஆனா அது காலங்காலமா…” என்று ஆரம்பித்த அம்பலகாரர் முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

ஊரணி ஊருக்கெல்லாம் பொது என்று உத்தரவு வந்து, தண்டோரா போட்டார்கள். போட்டும் எங்கள் தெருவிலிருந்து யாரும் இறங்கவில்லை. “பொறு, யாராச்சும் முதல்ல போகட்டும்” என்றார் என் வீட்டுக்காரர். கொழுந்தன்கூட அதற்குத் தலையாட்டினார். எத்தனை நாள் பொறுப்பது? மறுநாள் காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு நானே குடத்தை எடுத்தேன்.

படியில் ஒரு மேலத்தெருப் பெண் நின்றாள். எனக்கு அதிகம் ஊற்றியவள் அவள்தான். கரைக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அவளும் அதே பழக்கத்தில் தன் குடத்தில் மொண்டு உயரத் தூக்கிவிட்டாள். இருவரும் அப்படியே நின்றோம்.

“எறங்கி வாயேன். எனக்கும் கை வலிக்காதா?” என்றாள்.

கேலியா, கோபமா, இரக்கமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவள் ஒரு ஓரமாக நகர்ந்து வழிவிட்டாள். ஐயனாரே என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். பாசியை ஒதுக்கிக் குடத்தைச் சரித்தேன். களக் களக் என்று தண்ணீர் உள்ளே போயிற்று. அதுவரை அந்தச் சத்தத்தை நான் கரைமேல் நின்றுதான் கேட்டிருந்தேன்.